மேட்ச் எத்தனை மணிக்குன்னு ஒரு வரி போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மதியம் எங்க ஊர்ல ஒரு லேடீஸ் ஃபுட்பால் மேட்ச் நடந்துச்சு. உங்க பேப்பர்ல அதுக்கு முந்தின நாளும் வரல, மறுநாளும் வரல. திங்கக்கிழமை காலையில கடலூர் பக்கத்த மேல இருந்து கீழ வரைக்கும் தேடினேன், மின்தடை அறிவிப்பு இருந்துச்சு, கும்பாபிஷேகம் இருந்துச்சு, இலவச கண் சிகிச்சை முகாம் இருந்துச்சு, ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்குப் போனா ஐரோப்பாவுல ஏதோ ஒரு கிளப் யாரையோ எத்தனை கோடிக்கு வாங்கப் போகுதுன்னு பக்கத்துல பாதி அதுதான். எங்க ஊர் பொண்ணுங்க 2-1னு தோத்தது எங்கயும் இல்ல. தோத்தாலும் போடணும்ல சார், ஸ்கோர் ஸ்கோர்தானே.

எனக்கே இந்த மேட்ச் எப்படித் தெரிஞ்சுதுன்னா, எங்க தெரு மெடிக்கல்ல வேலை பார்க்கிற பொண்ணோட தங்கச்சி அந்த டீம்ல சப்ஸ்டிட்யூட், அக்காக்காரி வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வெச்சிருந்தா, நான் பார்த்தேன், கிளம்பிட்டேன். அவ்ளோதான் விளம்பரம். ஸ்டேட்டஸ் பார்க்காதவங்களுக்கு மேட்சே இல்ல. நான் தையல் கடை வெச்சிருக்கேன், ஞாயிறு அரை நாள் லீவு, அந்த அரை நாளை எதுல போடறதுன்னு யோசிக்கும்போது யாராவது முன்னாடியே தேதி சொன்னா நல்லா இருக்கும்ல.

மைதானம் பேர் சொல்லல, சொன்னா யாருக்காவது சங்கடம் ஆகும். மூணு மணி மேட்ச்னு சொன்னாங்க, நான் ரெண்டே முக்காலுக்குப் போயிட்டேன், போய்ப் பார்த்தா நடு கிரவுண்ட்ல பசங்க டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடிட்டு இருக்காங்க. இன்னும் ஆறு ஓவர் இருக்குக்கா, முடிச்சிட்டு போயிடறோம்னாங்க. ஆறு ஓவர் முடிஞ்சா அடுத்த இன்னிங்ஸாம். பொண்ணுங்க ரெண்டு டீமும் வேப்பமரத்துக்கு அடியில உக்காந்து ஷின் கார்டு எல்லாம் மாட்டி லேஸ் எல்லாம் இறுக்கிக் கட்டிட்டு, திரும்ப தளர்த்தி விட்டுட்டு, திரும்ப கட்டிட்டு இருந்தாங்க. கோச் சார் போய் கெஞ்சறாரு, ஆமா சார் கெஞ்சறாருன்னுதான் சொல்லணும், அனுமதிக் கடிதத்த கையில வெச்சுக்கிட்டு அந்தப் பசங்ககிட்ட கெஞ்சறாரு. கடைசியில நாலே முக்காலுக்குத்தான் கிக் ஆஃப். சாயங்காலம் சீக்கிரமே இருட்டற மாசம் இது. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

டிரெஸ்ஸிங் ரூம் பூட்டி இருந்துச்சு. சாவி வெச்சிருக்கவர் வெளிய போயிருக்காருன்னு சொன்னாங்க, எங்க போனாரு எப்ப வருவாருன்னு யாருக்கும் தெரியல. வெளியூர்ல இருந்து வந்த பொண்ணுங்க வேன் பின்னாடி நாலு பேர் துப்பட்டாவ விரிச்சுப் பிடிச்சு மறைச்சுக்க ஒவ்வொருத்தியா ஜெர்சி மாத்துனாங்க. பாத்ரூம் போகணும்னா எதிர்த்தாப்புல இருந்த ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்தாங்க, அந்த வீட்டம்மா நல்லவங்க, வரிசையா வந்தாலும் முகம் சுளிக்கல. இதுக்கு மேல இத நான் விளக்க வேணாம், பொம்பளைங்களுக்குப் புரியும், உங்களுக்கும் புரியும்னு நினைக்கிறேன்.

நான் போய் படிக்கட்டுல உக்காந்த உடனே பக்கத்துல இருந்த அண்ணன் கேட்டாரு, உங்க பொண்ணு எத்தனாம் நம்பர்னு. எனக்குப் பொண்ணு இல்லண்ணா, ஒரே பையன், அவன் வீட்ல தூங்கறான்னு சொன்னேன். அப்போ தங்கச்சி பொண்ணா? இல்லண்ணா. டீச்சரா? இல்ல. அப்புறம் எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேக்கல, ஆனா மூஞ்சியில அதுதான் இருந்துச்சு. மேட்ச் பார்க்க வந்தேண்ணா. சுண்டல் விக்கிறவரும் அதையே கேட்டாரு, ரெஜிஸ்டர் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த மேடமும் அதையே கேட்டாங்க. ஆம்பளைங்க மேட்சுக்கு வர்ற கூட்டத்துல ஒவ்வொருத்தரையும் நிறுத்தி உங்க பையன் ஆடறானான்னு கேப்பாங்களா? சேப்பாக்கத்துல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் தோனிக்கு மாமனா மச்சானா? பொண்ணுங்க ஆட்டத்த சொந்தக்காரங்க மட்டும்தான் பார்ப்பாங்கன்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க, அத நினைச்சா எனக்கு தோத்ததை விட கோவமா வருது.

இப்ப மேட்சுக்கு வரேன், உங்க நிருபர் வந்திருந்தா அவரு எழுதியிருப்பாரு, வராததால நான் எழுதறேன்.

எங்க டீம் மஞ்சள், விழுப்புரம் பக்கம் இருந்து வந்தவங்க நீலம். பாதிக்கு 35 நிமிஷம். புல்லு ஒரு கோல் பக்கம் மட்டும்தான், இன்னொரு பக்கம் முழுக்க செம்மண்ணு, கோடு சுண்ணாம்புல போட்டது, கிரிக்கெட் பசங்க ஓடி ஓடி பாதி அழிஞ்சு போச்சு, பெனால்டி பாக்ஸ் எங்க முடியுதுன்னு ரெஃப்ரி குத்துமதிப்பாத்தான் பார்த்தாரு.

மஞ்சள்ல ஆறாம் நம்பர் பொண்ணு இருக்கு பாருங்க, பதினாறு பதினேழு வயசு இருக்கும், ஒல்லி, மிட்ஃபீல்டு. அவகிட்ட பால் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தோள் பக்கமும் திரும்பிப் பார்த்துடறா. இடது, வலது, அப்புறம்தான் பால். அதனால பால் காலுக்கு வரும்போது அடுத்தது எங்க கொடுக்கணும்னு அவளுக்கு ஏற்கனவே தெரியும், ஒரு டச், ரெண்டாவது டச்ல பாஸ் போயாச்சு. எதிர்ல வர்ற பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்து நின்னா அங்க பாலும் இல்ல ஆளும் இல்ல. நான் முழுசா பத்து நிமிஷம் பாலைப் பார்க்காம இவளை மட்டும் பார்த்தேன். டிவியில இப்படிப் பார்க்க முடியாது சார், கேமரா பால் பின்னாடியே போயிடும், மைதானத்துக்குப் போனாத்தான் பால் இல்லாதவங்க என்ன பண்றாங்கன்னு தெரியும்.

எங்க கீப்பர் பத்தி சொல்லணும். ஒரு கை கிளவுஸ் கிழிஞ்சு வெள்ளை பிளாஸ்டர் சுத்தி வெச்சிருந்தா. வாய் மூடவே இல்ல. லைன் ஏறு ஏறு, அஞ்சு மார்க் பண்ணு, தரையில ஆடு தூக்காத, பின்னாடி ஆள், டைம் இருக்கு திரும்பு, செகண்ட் பால் செகண்ட் பால். ஃபர்ஸ்ட் ஹாஃப் முடியறதுக்குள்ள தொண்டை கட்டிப் போச்சு, அப்பவும் கத்தறா. பொண்ணுன்னா மெதுவாப் பேசணும்னு சொல்லி வளர்க்கிற ஊர்ல அந்தச் சத்தத்தக் கேக்கறதுக்கே ஒருக்கா போலாம்.

இருபதாவது நிமிஷம் வாக்குல எங்க கோல். லெஃப்ட் பேக் மூணாம் நம்பர் பாலை விங்கருக்குக் கொடுத்துட்டு நிக்காம ஓடுனா, கோட்டு ஓரமாவே, அவளுக்கு வெளிப்பக்கமா சுத்திக்கிட்டு. விங்கர் பாலை நிறுத்தி டிஃபெண்டரைத் தன் பக்கம் இழுத்துட்டு சைடுல தள்ளிவிட்டா, மூணாம் நம்பர் முதல் டச்லயே தாழ்வா க்ராஸ், ஒன்பது ஓடி வந்து சும்மா கால வெச்சா. அவ்ளோதான். படிக்கட்டுல எழுந்து நின்னு கத்துனது நானும் சுண்டல்காரரும். அந்த சுண்டல்காரர் மாதிரி ஆட்டம் தெரிஞ்சவரு இந்த ஊர்ல இல்ல, மூணு மேல ஏறிட்டா பின்னாடி காலி, நாலு கவர் பண்ணனும்னு எனக்குச் சொல்லிக்கிட்டே மாங்கா துருவிட்டு இருந்தாரு.

அவரு சொன்னதுதான் நடந்துச்சு. செகண்ட் ஹாஃப் ஆரம்பத்துல மூணு மேல போயிருந்த நேரம் நீலம் அந்தப் பக்கமே பாலைத் தூக்கிப் போட்டு கார்னர் வாங்குனாங்க. கார்னருக்கு கீப்பர் வெளிய வந்தா, கூட்டத்துல கை பாலுக்கு எட்டல, நீல டீமோட ஸ்டாப்பர், அதாவது நடு டிஃபெண்டர், நல்ல உயரம், நெத்தியால அடிச்சா. 1-1. குறை சொல்ல ஒண்ணும் இல்ல, நல்ல கோல், கை தட்டினேன், பக்கத்துல இருந்த அண்ணன் என்னை மொறைச்சாரு.

அப்புறம்தான் இருட்டு. கடைசி பத்து நிமிஷம் சார், ஜெர்சி நம்பர் தெரியல, மஞ்சளா நீலமான்னு தெரியுது அவ்ளோதான். லைட்டு கம்பம் நாலு இருக்கு, எரியல. ரெஃப்ரி வாட்ச்ச முகத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறாரு. பாக்ஸுக்கு வெளிய நீலத்துக்கு ஒரு ஃப்ரீ கிக், எங்க பொண்ணுங்க சுவர் மாதிரி வரிசையா மறைச்சு நின்னாங்க, பால் அவங்க தலைக்கு மேல போச்சு, அதுவரைக்கும் ஒவ்வொரு பாலுக்கும் முன்கூட்டியே நகர்ந்துட்டு இருந்த கீப்பர் இந்தப் பாலுக்கு அசையவே இல்ல. வலையில விழுந்து வலை ஆடினப்பறம்தான் திரும்பிப் பார்த்தா. பார்க்கவே இல்ல அவ அந்தப் பாலை. 2-1. மூணு மணிக்கு ஆரம்பிச்சிருந்தா நாலரைக்கு நல்ல வெளிச்சத்துல முடிஞ்சிருக்கும், அந்த ஃப்ரீ கிக்க அவ பிடிச்சிருப்பாளா தெரியாது, ஆனா பார்த்திருப்பா.

கிரவுண்ட் கிடைக்காம ஒரு ஆட்டம் எப்படி நசுங்கும்கிறதுக்குப் பழைய கதை ஒண்ணு இருக்கு, இத எங்க பெரியப்பா பையன் சொல்லி அப்புறம் நானே தேடிப் படிச்சேன். இங்கிலாந்துல 1920 டிசம்பர் 26, லிவர்பூல் ஊர்ல குடிசன் பார்க் மைதானம், டிக் கெர் ஃபேக்டரியில வேலை பார்த்த பொண்ணுங்க டீம் ஆடுச்சு, பார்க்க வந்தது 53,000 பேர். உள்ள இடம் இல்லாம வெளிய நின்னவங்க தனியா ஆயிரக்கணக்குல. அடுத்த வருஷமே, 1921 டிசம்பர்ல, அங்க இருக்கிற ஃபுட்பால் அசோசியேஷன் இந்த ஆட்டம் பொம்பளைங்களுக்கு ஆகாதுன்னு சொல்லி, தன்னோட சேர்ந்த கிளப் எதுவும் மைதானத்த அவங்களுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ஆடக்கூடாதுன்னு சொல்லல பாருங்க, கிரவுண்ட் கொடுக்காதீங்கன்னுதான் சொன்னாங்க, அதுவே போதுமா இருந்துச்சு, கிட்டத்தட்ட 50 வருஷம் பெரிய மைதானம் எதுலயும் அவங்க கால் வைக்க முடியல. நம்ம ஊர்ல அப்படி உத்தரவு எதுவும் கிடையாது. இன்னும் ஆறு ஓவர் இருக்குக்கா, அதுதான் இங்க உத்தரவு.

அதனால பொம்பளைங்க ஃபுட்பாலுக்குக் கூட்டம் வராதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 2022ல பார்சிலோனா பொண்ணுங்க வுல்ஃப்ஸ்பர்க் கூட ஆடுன மேட்சுக்கு கேம்ப் நூ மைதானத்துல 91,648 பேர். அது பெரிய ஊர், பெரிய கிளப், சரி. ஆனா அந்த ஊர் பேப்பருங்க மேட்ச் என்னிக்குன்னு முன்னாடியே போட்டிருக்குமா போட்டிருக்காதா? நம்ம ஊர்லயே 2025 நவம்பர்ல இந்தியா பொண்ணுங்க கிரிக்கெட் வேர்ல்டு கப் ஜெயிச்சப்போ டீக்கடையில கூட அதே பேச்சு, முன்னாடி அந்தப் பொண்ணுங்க பேர் ரெண்டு கூட சொல்லத் தெரியாதவங்க எல்லாம் ஃபீல்டிங் செட்டிங் பத்திப் பேசுனாங்க. எங்க, எப்போ, எந்த சேனல்னு சொன்னா நம்ம சனங்க பார்க்கும்.

இன்னொண்ணு, இதுதான் நான் இந்த லெட்டர் எழுத உக்காந்ததுக்கே முக்கியக் காரணம். எங்க கடலூர் பொண்ணுங்க ஃபுட்பால் பத்தி பேப்பர்ல வந்ததே இல்லன்னு சொல்ல மாட்டேன். வரும். எப்போ வரும்னா யாராவது இந்தியா டீமுக்குப் போனா வரும், எப்படி வரும்னா 2004 சுனாமியில இருந்து ஆரம்பிக்கும். சுனாமிக்கு அப்புறம் இங்க அரசு இல்லத்துல வளர்ந்த பிள்ளைங்களுக்கு கோச் மாரியப்பன் சார் ஃபுட்பால் சொல்லிக் கொடுத்தாரு, அதுல இருந்து நேஷனல் லெவல் வரைக்கும் போனாங்க, இது எல்லாம் உண்மை, பெருமையான விஷயம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவையும் குடிசை, கண்ணீர், வறுமைய வென்ற வீராங்கனை, அம்மா கூலி வேலை, போட்டோவுல அம்மா பக்கத்துல மெடலோட நிக்கணும். இந்தியா டீமுக்கு ஆடுன இந்துமதி கதிரேசன் போலீஸ்ல எஸ்.ஐ.னு எல்லா கட்டுரையிலயும் இருக்கு, அவங்க மிட்ஃபீல்டுல என்ன பண்ணுவாங்கன்னு எதுலயும் இல்ல. அதே மாதிரி இந்தியாவுக்கு ஆடுன சந்தியா ரங்கநாதன் ஃபார்வர்டு, எந்தக் கால்ல அடிப்பாங்க, எந்த இடத்துல நின்னு பால் கேப்பாங்க, ஒரு வரி கிடையாது. ஆம்பளை ஆட்டக்காரனுக்கு டாக்டிக்ஸ் எழுதறீங்க, பொண்ணுக்கு சோகம் எழுதறீங்க. சோகம் இல்லாத பொண்ணு ஆடினா நியூஸே இல்லையா?

ஜெயிச்சது குறைவா என்ன. 2018ல கட்டாக்ல நடந்த சீனியர் நேஷனல்ஸ் ஃபைனல்ல தமிழ்நாடு பொண்ணுங்க மணிப்பூரை 2-1னு ஜெயிச்சாங்க, மணிப்பூர்னா இந்த ஆட்டத்துல யாருன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அவங்ககிட்ட இருந்து கப்ப வாங்கறது லேசு கிடையாது. 2023ல அமிர்தசரஸ்ல ஹரியானாவை 2-1, திரும்பவும் சாம்பியன். நடுவுல 2019ல நம்ம மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. லூதியானாவுல மணிப்பூர் போலீஸ் டீமை 3-1னு அடிச்சு இந்தியன் விமன்ஸ் லீக்கையே தூக்கிட்டு வந்தாங்க. 2025 ஜூலையில இந்தியா டீம் தாய்லாந்தை அவங்க ஊர்லயே, சியாங் மாய்ல, 2-1னு ஜெயிச்சு 2026 ஆசியக் கோப்பைக்குப் போச்சு, ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். இதெல்லாம் கடைத்தெருவுல பத்து பேர்கிட்ட கேட்டுப் பாருங்க எத்தனை பேருக்குத் தெரியும்னு. என் பையனுக்கு ஆர்சனல் ரிசர்வ் கோல்கீப்பர் பேர் தெரியும். வீட்ல ரெண்டு பேருக்கும் இதுல டெய்லி சண்டை.

மேட்ச் முடிஞ்சு பொண்ணுங்க அழுவாங்கன்னு நினைச்சா ஒருத்தியும் அழல, நேரா ரெஃப்ரிகிட்ட போனாங்க, பால் தெரியலன்னு முன்னாடியே சொன்னோமே சார்னு ஆறாம் நம்பர் கேட்டா. மரியாதையாத்தான் கேட்டா. அவரு பாவம், அவரு என்ன பண்ணுவாரு, நாளைக்கு ஸ்கூல்ல யூனிட் டெஸ்ட்டு, வெளியூர் டீமுக்கு கடைசி பஸ், வேற நாள் வைக்கவும் முடியாது. எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்கு, அந்தக் கிரிக்கெட் பசங்களுக்கும்தான் ஆட வேற இடம் இல்ல. ஆனா காத்திருக்கணும்னா எப்பவும் பொண்ணுங்கதான் காத்திருக்காங்க, அதுதான் கணக்கு சரியா வரல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. கலர் போட்டோ வேணாம், ஸ்பெஷல் பக்கம் வேணாம், மகளிர் தினத்துக்கு மட்டும் ஒரு சப்ளிமெண்ட் வேணவே வேணாம். இன்றைய நிகழ்ச்சிகள்னு ஒரு பெட்டி போடறீங்கள்ல, அதுல மின்தடைக்குக் கீழ ஒரு வரி: இந்த மைதானம், இந்த டீமும் இந்த டீமும், இத்தனை மணி. மறுநாள் ஒரு வரி: ஸ்கோர், கோல் அடிச்சவங்க பேர். மாவட்ட ஃபுட்பால் அசோசியேஷன்ல கேட்டா மேட்ச் லிஸ்ட் கொடுப்பாங்க, கோச்சுங்க கேக்காமலே கொடுப்பாங்க. மேட்ச் மூணு மணின்னு பேப்பர்ல அச்சாகி வந்துட்டா அந்த மைதானத்துச் சாவி வெச்சிருக்கவரும் மூணு மணிக்கு வெளிய போக யோசிப்பாரு, ஆறு ஓவர் பாக்கின்னு சொல்றவங்களும் யோசிப்பாங்க, கூட்டம் ஐம்பது பேர் நின்னா தன்னால இடம் விடுவாங்க. ஒரு வரிக்கு அந்த வேலை செய்யத் தெரியும்னு நான் நம்பறேன், நம்பறதாலதான் உங்களுக்கு எழுதறேன், இல்லன்னா நானும் ஸ்டேட்டஸ் வெச்சிட்டுப் போயிருப்பேன்.

நிருபர் யாரையாவது அனுப்புனீங்கன்னா இன்னும் நல்லது. அவருக்கு ஃபுட்பால் தெரியலன்னா சுண்டல்காரர் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க.

வர்ற ஞாயிறு அடுத்த மேட்ச் இருக்குன்னு மெடிக்கல் பொண்ணு சொன்னா, எங்க டீம் இதுல ஜெயிச்சாத்தான் செமி ஃபைனல் போக முடியும். நேரம் இன்னும் சொல்லலையாம். உங்களுக்குத் தெரிய வந்தா சனிக்கிழமை பேப்பர்லயே போட்டுடுங்க, நான் அன்னிக்கு பிளவுஸ் டெலிவரி ரெண்டு வெச்சிருக்கேன், அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே முடிச்சுக் கொடுத்துட்டு வரணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர்